22 வருட சர்வீஸ் முடிகிறது: கிருஷ்ணகிரி பக்கம் செக்யூரிட்டியை விட்டால் வேறு வேலையே இல்லையா?

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் வணக்கம். ராணுவத்துக்குச் சரக்கும் ஆயுதமும் வழங்கும் ஆர்மி ஆர்டினன்ஸ் கோரில் நாயக், ஸ்டோர் டிரேடு. அடுத்த வருடம் 22 வருடம் முடித்து பென்ஷனில் வருகிறேன். அப்போது வயது 41. படிப்பு பிளஸ் டூ. வீடு காவேரிப்பட்டணம் பக்கம். பையன் எட்டாவது, பெண் ஐந்தாவது.

போன லீவில் வந்தபோது வேலை பற்றி விசாரித்தேன். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "உங்களுக்கு என்ன கவலை, மிலிட்டரி ஆள், எந்தக் கம்பெனி கேட்டிலும் நிறுத்திக்கொள்வார்கள்." கேட்டில் நிற்பதைக் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் 22 வருடம் நான் செய்தது ஸ்டோர் வேலை. சரக்கு வாங்குவது, அடுக்குவது, கணக்கு எழுதுவது, வவுச்சர் போட்டு அனுப்புவது. இதற்கு வெளியில் மதிப்பே இல்லையா? ஓசூர், சூளகிரி, பர்கூர் என்று இவ்வளவு கம்பெனிகள் வந்திருக்கின்றனவே, ஒரு ஸ்டோர் வேலை கூடவா கிடைக்காது?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், நடப்பைச் சொன்னால் போதும்.

ரிட்டயர்டு_சுபேதார்_தர்மபுரி

தம்பி, முதலில் ஒன்று. செக்யூரிட்டி என்றால் எல்லோரும் கேட்டைத் திறந்து மூடும் ஆளைத்தான் நினைக்கிறார்கள். அந்தத் துறையிலும் படிநிலை இருக்கிறது. நான் சுபேதாராக வந்து ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்தேன். வண்டி எடை, கேட் பாஸ், ஸ்கிராப் வெளியே போவது, தீயணைப்பு ஒத்திகை எல்லாம் என் கையெழுத்தில்தான் நடந்தது.

2005-ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டப்படி காவலர் வேலைக்குப் பயிற்சி கட்டாயம். மாதிரி விதிகளில் சாதாரண ஆளுக்கு 160 மணி நேரம். முன்னாள் படைவீரருக்கு அதைச் சுருக்கி, 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப்பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே நுழைவது சுலபம். சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் அங்கேயே போய் விழுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டெக்ஸ்கோவில் (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்) பெயர் பதிந்து வையுங்கள். 1986-லிருந்து இருக்கும் மாநில அரசு நிறுவனம். அரசு அலுவலகம், மின்வாரியம் மாதிரி இடங்களுக்கு நம் ஆட்களை அனுப்புகிறார்கள். பெரிய சம்பளம் இல்லை, ஆனால் பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காக இருக்கும்.

சிப்காட்_எச்ஆர்

சுபேதார் ஐயா சொன்னதில் எனக்கு முரண் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் ஸ்டோர் ஆள். அவரை ஏன் கேட்டுக்கே அனுப்புகிறீர்கள்?

ஓசூரில் ஒரு வாகன உதிரி பாகக் கம்பெனியில் ஆளெடுக்கும் பக்கம் இருக்கிறேன். முன்னாள் ராணுவத்தினரின் பயோடேட்டா அடிக்கடி வரும். பத்தில் எட்டு பேருடையது ஒரே அச்சு. ஒழுக்கம், நேர்மை, கடின உழைப்பு, தேசசேவை. கீழே யூனிட் பெயர்கள், வாங்கிய மெடல்கள். எங்கள் ஸ்டோர் மேனேஜருக்கு மெடல் பெயர் புரியாது. இந்த ஆள் காலை எட்டு மணிக்கு வந்து என்ன செய்வார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அது எதிலுமே இருக்காது. எனவே அந்தக் கட்டு நேராக செக்யூரிட்டி ஏஜென்சிக்காரரிடம் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அப்படித்தான் நடக்கிறது.

நீங்கள் எழுத வேண்டியது வேறு. எத்தனை வகை அயிட்டங்கள் உங்கள் பொறுப்பில் இருந்தன, பின் கார்டும் (ஒவ்வொரு சரக்கின் வரவு, செலவு, இருப்பு எழுதும் அட்டை) லெட்ஜரும் கையால் எழுதினீர்களா கம்ப்யூட்டரிலா, வருடாந்திரக் கணக்கெடுப்பை யார் நடத்தினார்கள், வித்தியாசம் வந்தால் எப்படிச் சரிசெய்தீர்கள், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை வண்டி இறக்கினீர்கள். "முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும்" என்பதை ஒரு டிப்ளமோ பையனுக்குப் புரியவைக்க எங்களுக்கு மாதங்கள் ஆகின்றன. உங்களுக்கு அது பழகிய வேலை.

ஒரு எச்சரிக்கை. எந்த இடத்தில் எந்த வெடிபொருள் எவ்வளவு என்பதெல்லாம் பயோடேட்டாவில் வரவே கூடாது. "பெரிய டிப்போ, பல ஆயிரம் வகை" என்கிற அளவில் நிறுத்துங்கள். இணையத்தில் ஏற்றும் பயோடேட்டா என்றால் இன்னும் கவனம்.

இப்போதிருந்து வருவதற்குள் இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளுங்கள். எக்ஸெல், நன்றாக. அப்புறம் எஸ்ஏபி என்று கம்பெனிகள் கணக்குக்கும் சரக்குக்கும் பயன்படுத்தும் மென்பொருள், அதில் மெட்டீரியல் மேனேஜ்மெண்ட் பகுதி, அடிப்படையாவது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தால் நல்லது. 41 வயதுக்கு பயிற்சியாளராக எடுக்க மாட்டார்கள், ஸ்டோர் சூப்பர்வைசராக எடுப்பார்கள். முதல் வருடச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பென்ஷனோடு சேர்த்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டணத்தான்

எச்ஆர் சார், இப்படி யாரும் சொன்னதில்லை, நன்றி. எஸ்ஏபி எல்லாம் வெளியில் படிக்கப் பணம் அதிகம் கேட்கிறார்கள்.

வங்கி_கிளார்க்_பாலக்கோடு

அதற்குத்தான் டிஜிஆர் இருக்கிறது. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுகுடியமர்வு இயக்குநரகம். பணி முடிவதற்கு முன்பே யூனிட் மூலம் கோர்ஸ் விண்ணப்பிக்கலாம். சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ், ஸ்டோர் மேனேஜ்மெண்ட், ஃபயர் சேஃப்டி எல்லாம் இருக்கிறது. ஜேசிஓ (சுபேதார் நிலையில் உள்ளவர்கள்), ஜவான்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. யூனிட் கிளார்க்கிடம் இன்றைக்கே கேளுங்கள். ஆள் பற்றாக்குறை என்று யூனிட் தலைவரான சிஓ விடாமல் இழுக்கலாம், அதனால் சீக்கிரம் பேர் கொடுங்கள்.

ஆனால் எல்லோரும் தனியார், தனியார் என்றே பேசுகிறீர்கள். நான் ஏர்ஃபோர்ஸிலிருந்து வந்து பொதுத்துறை வங்கியில் கிளார்க். மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பதவிகளில் 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் 14.5 சதவீதம் நமக்கு ஒதுக்கீடு. வயது கணக்கு பலருக்குத் தெரியாது. உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழிக்க வேண்டும், வருவது உச்ச வரம்பை மூன்று வருடத்துக்கு மேல் தாண்டக் கூடாது. 41-ல் 22 போனால் 19. அதாவது வங்கி கிளார்க் தேர்வில் நீங்கள் காலேஜ் பையனைவிட இளையவர்!

டிகிரி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடம் சர்வீஸ் போட்டவர், டிகிரி கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பதவிக்கு, தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத வரைக்கும், தகுதியானவர்தான். இன்னொன்று, ஆபீசர் அல்லாதவர்கள் 55 வயதுக்கு முன் வந்து அரசு வேலையில் சேர்ந்தால், சம்பளம் நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முழுச் சம்பளமும் வரும், பென்ஷனும் வரும்.

சிப்காட்_எச்ஆர்

எல்லாம் சரி சார். ஆனால் கணக்குப் பாடத்தை விட்டு 20 வருடம் ஆனவர், வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்து, தேர்வும் தேறவில்லை என்றால்? 43 வயது, பயோடேட்டாவில் இரண்டு வருட இடைவெளி. அப்படி வந்தவர்களையும் பார்க்கிறேன்.

வங்கி_கிளார்க்_பாலக்கோடு

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமே. தனியாரிலோ ஒப்பந்தத்திலோ சேர்ந்தால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு போய்விடாது. அரசுப் பதவியில் ஒரு முறை நிரந்தரமாகச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை தீர்ந்தது. அதிலும் ஒரு வழி இருக்கிறது: சேருவதற்கு முன்பே வேறு பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், எவற்றுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தேன் என்று சேர்ந்தவுடன் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்தத் தேர்வுகளுக்குச் சலுகை உண்டு. இது தெரியாமல் சின்ன வேலையில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

கெலமங்கலம்_லைன்_சூப்பர்வைசர்

இவ்வளவு நேரம் யாரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. அண்ணா, உங்களுக்கு ஹிந்தி வரும் இல்லையா?

நான் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ், எலெக்ட்ரீஷியன். பெங்களூரு சென்டரில் ட்ரெயினிங், மீதி முழுக்க வடக்கு. ஊருக்கு வந்து எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் கேட்டுத்தான் போனேன். இன்டர்வியூவில் டெக்னிக்கல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "ஹிந்தி பேசுவீங்களா?" என்றார். பேசிக் காட்டினேன். மறுநாளே கூப்பிட்டார்கள், லைன் சூப்பர்வைசராக.

நம் பக்கத் தொழிற்சாலைகளின் நிலைமை என்ன? ஜார்கண்ட், ஒடிசா, அசாம், பீகார் பிள்ளைகள் ஷிப்டுக்கு ஷிப்ட் வருகிறார்கள். மேலே இருக்கும் என்ஜினியர் சேலத்துக்காரர், ஆங்கிலம் உண்டு, ஹிந்தி இல்லை. இடையில் ஒரு ஆள் வேண்டும். வெறுமனே மொழிபெயர்க்கிற ஆள் போதாது. ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு ஐம்பது பேர் கேட்டுக்கு வந்தால் சத்தம் போடாமல் உட்கார வைத்துப் பேசத் தெரிந்த ஆள். ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று அழுகிறவனுக்கு லீவு வாங்கிக் கொடுத்து, திரும்பி வர வைக்கத் தெரிந்த ஆள். ஒரு செக்ஷனை நடத்திய நாயக், ஹவில்தார் இதைத்தானே வருடக்கணக்கில் செய்தோம்? பாராக்கில் பிஹாரியும் மராட்டியும் மல்லுவும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம்.

பயோடேட்டாவில் மொழி என்ற இடத்தில் கடைசி வரியாக "ஹிந்தி" என்று போடாதீர்கள். முதல் பத்தியிலேயே போடுங்கள்: பல மாநில ஆட்கள் கொண்ட குழுவை ஹிந்தியில் நடத்திய அனுபவம் என்று. இங்கே நம் ஊர்ப் பையன்கள் நூறு பேர் போட்டிக்கு வந்தாலும் இந்த ஒன்றில் அவர்களால் உங்களை நெருங்க முடியாது.

ஒரு கசப்பும் சொல்கிறேன். குரலை உயர்த்தக் கூடாது. முதல் மாதம் நான் ஒருவனை ரோல்கால் பாணியில் அதட்டினேன். எச்ஆர் கூப்பிட்டு இது பரேடு கிரவுண்டு இல்லை என்றார்கள். மிலிட்டரிக்காரன் என்றாலே கோபக்காரன், குடிப்பான் என்று ஒரு எண்ணம் இங்கே உண்டு. அதை நாம்தான் உடைக்க வேண்டியிருக்கிறது.

சிப்காட்_எச்ஆர்

நூற்றுக்கு நூறு. இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டோரிலும் லோடு ஆட்கள் பெரும்பாலும் வடக்குதான். ஸ்டோரும் தெரிந்து ஹிந்தியும் தெரிந்தவர் என்றால் நிஜமாகவே தேடுகிறோம்.

ரிட்டயர்டு_சுபேதார்_தர்மபுரி

கெலமங்கலம் தம்பி சரியாகப் பிடித்தார். செக்யூரிட்டியிலும் இதே கதைதான். காவலர்களே இப்போது பாதிப் பேர் அசாம் பையன்கள்.

பென்னாகரம்_வீட்டுக்காரி

ஆண்கள் மட்டும் பேசுகிறீர்கள், நானும் ஒன்று சொல்லலாமா? என் வீட்டுக்காரர் ஹவில்தாராக வந்தார்.

அண்ணா, வந்தவுடன் வேலையில் சேராதீர்கள், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். இருங்கள், ஆனால் வீட்டை "டேக் ஓவர்" செய்யாதீர்கள். இத்தனை வருடம் ஸ்கூல் ஃபீஸ், கேஸ், பத்திரம், மாமியார் ஆஸ்பத்திரி எல்லாம் உங்கள் மனைவிதான் பார்த்தார். எங்கள் வீட்டில் அவர் வந்த முதல் வாரமே காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்பி, மளிகை அலமாரியை அளவு வாரியாக அடுக்கி, என்னிடம் கணக்குக் கேட்டார். நான் ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் பேசினோம். இப்போது பால், பேங்க் அவர் பொறுப்பு. சமையலறை என் யூனிட்.

வேலை எங்கே என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஓசூரில் தனி அறை எடுத்துத் தங்கி வாரம் ஒரு முறை வீடு வருவதென்றால், அதுவும் இன்னொரு போஸ்டிங்தானே? இதற்காகவா பென்ஷனில் வந்தீர்கள்? காவேரிப்பட்டணத்திலிருந்து குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி எல்லாம் போய்வரும் தூரம்தான். கம்பெனி பஸ் எந்த ஊர் வரை வருகிறது என்று விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துத் தொழில் படிப்பில் சேரும்போது பிரதமர் ஸ்காலர்ஷிப்புக்குப் போடலாம். பையனுக்கு மாதம் 2,500, பெண்ணுக்கு 3,000. பிளஸ் டூவில் 60 சதவீதமாவது வேண்டும்.

அரூர்_இளைஞன்

ஒரு சின்னக் கேள்வி. என் தம்பி அக்னிவீர். இந்தச் சலுகைகள் அவனுக்கும் வருமா?

வங்கி_கிளார்க்_பாலக்கோடு

வராது தம்பி, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடம் முடித்து வரும் அக்னிவீருக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்லை. 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி என்ற மொத்தத் தொகை, வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் 2022-லேயே அறிவித்தார்கள். அவனுக்கு வயது 25-க்குள்தான் இருக்கும், அதுதான் பலம். சர்வீஸில் இருக்கும்போதே டிகிரியைத் தொடரச் சொல்லுங்கள். இதைத் தனி இழையாகப் போட்டால் நல்லது, இங்கே கலந்துவிடும்.

மாங்கா_தோட்டம்_பர்கூர்

எல்லோரும் சம்பளத்துக்கே போகச் சொல்கிறீர்கள். சொந்தத் தொழில் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தமிழ்நாடு அரசின் "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டம், 2024 சுதந்திர தினத்தில் அறிவித்தது. ஒரு கோடி ரூபாய் வரை கடன், மூலதனத்தில் 30 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீத மானியம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம். அதுபோக சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசு வைத்திருக்கும் பிஎம்இஜிபி திட்டத்தில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவு, கிராமப்புறத்தில் 35 சதவீத மானியம், கைப்பணம் 5 சதவீதம் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

மாம்பழக் கூழ், கோழி, பால், பட்டு, பாலிஹவுஸ் ரோஜா, எது வேண்டுமானாலும் செய்யலாம். நம் மண்ணில் என்ன இல்லை?

கெலமங்கலம்_லைன்_சூப்பர்வைசர்

மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தொடங்கினால் மானியம்தான் மிஞ்சும். கோபிக்காதீர்கள். 22 வருடம் மாதக் கடைசியில் சம்பளம் வந்து பழகியவருக்கு, தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கும் வாரத்தை எப்படித் தாங்குவது என்று தெரியாது. எங்கள் பேட்ச்மேட் ஒருவர் வந்த கையோடு டிப்பர் லாரி எடுத்தார், கிரானைட் குவாரி ஓட்டம் நம்பி. குவாரி நின்றது, தவணை நிற்கவில்லை.

மாங்கா_தோட்டம்_பர்கூர்

அவர் குவாரி ஒன்றையே நம்பியதுதான் பிரச்சினை. தொழிலைக் குறை சொல்லாதீர்கள். நான் சொல்வது இது: வீட்டில் நிலம் இருந்து, அண்ணனோ மாமனாரோ ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருந்தால் செய்யுங்கள். புதிதாகக் கற்றுக்கொண்டு செய்வதென்றால் முதலில் எங்காவது ஒரு வருடம் சம்பளத்துக்கு அந்த வேலையே பாருங்கள்.

ரிட்டயர்டு_சுபேதார்_தர்மபுரி

பணத்தைப் பற்றி ஒன்று. பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கலாம், 15 வருடம் கழித்துத்தான் முழுப் பென்ஷன் திரும்ப வரும். அந்தத் தொகையும் கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் கணக்கில் ஏறிய வாரமே ஊரில் உங்களுக்கு உறவினர்கள் பெருகுவார்கள். மனை விற்கிறவர், சீட்டு நடத்துகிறவர், மாதம் 5 வட்டி தருகிறேன் என்கிறவர், "சார், நானும் எக்ஸ்-மிலிட்டரிதான்" என்று சங்கிலி வியாபாரம் கொண்டு வருகிறவர். கடைசி ஆள்தான் ரொம்ப ஆபத்து, நம் ஆள் என்று நம்பிவிடுவோம். ஒரு வருடம் எஃப்டி-யில் போட்டுவிட்டு, "பையன் படிப்புக்கு லாக் பண்ணியாச்சு" என்று சொல்லுங்கள்.

துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கிற எண்ணம் உண்டா? வங்கிக் காவலர், பண வண்டி கன்மேன் வேலைக்குச் சொந்த லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் எடுப்பார்கள். கலெக்டர் ஆபீசில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, நாள் பிடிக்கும்.

காவேரிப்பட்டணத்தான்

துப்பாக்கி வேண்டாம் ஐயா, அதை ஒப்படைத்துவிட்டு வரத்தான் ஆசை.

எல்லோருடைய பதிலையும் வீட்டில் படித்துக் காட்டினேன். பென்னாகரம் அக்கா எழுதியதை மட்டும் மனைவி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். யூனிட்டில் சப்ளை செயின் கோர்ஸுக்குப் பேர் கொடுத்துவிட்டேன். பயோடேட்டாவைத் திருப்பி எழுதுகிறேன். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவேன், ஆனால் அதை நம்பி உட்கார மாட்டேன். முதல் இலக்கு குருபரப்பள்ளி, பர்கூர் பக்கம் ஸ்டோர்.

ஒரு சந்தேகம் பாக்கி. வருவதற்கு முன் யூனிட்டிலேயே சரிபார்க்க வேண்டிய காகிதங்கள் என்னென்ன?

பென்னாகரம்_வீட்டுக்காரி

இதற்கு நான் சொல்கிறேன், எங்களை அலைய வைத்தது இதுதான். டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆதாரிலும் பான் கார்டிலும் உள்ளபடியே இருக்கிறதா, எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். மனைவியின் இனிஷியல் கல்யாணத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதிலேயே பாதிப் பேருக்குச் சிக்கல். குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆவணமான பார்ட் டூ ஆர்டரில் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்களா? ஜாயிண்ட் அக்கவுண்டா? பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பர்ஷின் லாகின் உங்கள் சொந்த நம்பரில் இருக்கிறதா, யூனிட் கிளார்க் நம்பரிலா? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டுக்கும் அங்கிருந்தே விண்ணப்பியுங்கள்.

வங்கி_கிளார்க்_பாலக்கோடு

அதோடு டிரேடு சர்டிபிகேட், கோர்ஸ் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கொண்டு வாருங்கள். ஊருக்கு வந்ததும் கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அடையாள அட்டையும் வேலைவாய்ப்புப் பதிவும் ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக் அசலோடு நாலு செட் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மனைவியோடு சேர்ந்த போட்டோ. திங்கள்கிழமை போகாதீர்கள், கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள், கூட்டத்தில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.